முதலாண்டுச் சட்டத் தேர்வும் நம் இளைஞர்களும்

(வெள்ளி விழாவையொட்டிப் பாம்பனில் நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுக் காலம் ஒரு கல்விச் சங்கம் தளராமல் நடைபெறுவது எளிய செயலன்று. கூலி வேலைக்குச் சென்று திரும்பிய கைகள் சேர்த்துக் கொடுத்த சிறு தொகைகளால் வளர்ந்த சங்கம் இது. இதன் வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்கிவிட்டு அமர்வது எனக்கும் எளிது, கேட்பதற்கும் இனிது. ஆனால் விழாக் குழுவினர் என்னிடம் வாழ்த்துரை கேட்கவில்லை. “நம் பிள்ளைகள் சட்டக் கல்லூரியில் சேர்கிறார்கள், சேர்ந்தபின் முதலாண்டுத் தேர்வில் தடுமாறுகிறார்கள், அத்தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் விளங்கிக்கொள்ளும்படி பேசுங்கள்” என்று பணித்தார்கள். அந்தப் பணியையே மேற்கொள்கிறேன்.

நம் முன்னோர்க்குச் சட்டக் கல்வி எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். சென்னைச் சட்டக் கல்லூரி 1891ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1914இல் இந்தப் பாம்பன் கடலின்மீது ரயில் பாலம் வந்தது. 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை தீவைவிட்டு வெளியேற ரயிலும் தோணியுமே நமக்கு வழி. அந்த நாளில் இங்கிருந்து ஓர் ஏழைப் பிள்ளை சட்டம் படிக்கச் சென்னை செல்வது கனவிலும் அரிது. 2017ஆம் ஆண்டில் இராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அக்கல்லூரி இணைந்துள்ள பல்கலைக்கழகமோ அண்ணல் அம்பேத்கரின் பெயரையே தாங்கி நிற்பது. காலையில் பேருந்து ஏறினால் வகுப்புக்குச் சென்று மாலையில் வீடு திரும்பலாம் என்னும் நிலை வந்துவிட்டது.

வாயில் திறந்துவிட்டது. ஆனால் வாயிலைக் கடந்தவர் அனைவரும் கூடத்தை அடைந்துவிடுவதில்லை. முதலாண்டிலே மூன்று நான்கு தாள்களில் தவறி, அவற்றை அடுத்த ஆண்டுக்குச் சுமந்து, அங்கும் தவறி, ஒருநாள் எவரிடமும் சொல்லாமல் கல்லூரிக்குச் செல்வதையே நிறுத்திவிடும் இளைஞர்கள் உண்டு. அவர்களுக்கு அறிவு குறைவு என்று எவரேனும் சொன்னால் அதை நான் ஒப்பமாட்டேன். வழக்கறிஞர் குடும்பத்துப் பிள்ளைக்குத் தேர்வின் முறை வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிடுகிறது. தந்தை சொல்கிறார், அண்ணன் காட்டுகிறான். நம் பிள்ளைக்குச் சொல்வார் இல்லை. குறை அறிவில் இல்லை. முறை அறியாமையில் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்: அறியாமையால் வரும் குறையைச் சொல்லிக்கொடுத்துத் தீர்க்கலாம், அதைத் தீர்ப்பது இச்சங்கத்தின் கடமை.

சட்டப் படிப்பு இருவகை. மேல்நிலைப் பள்ளி முடித்தவர் சேரும் ஐந்தாண்டுப் படிப்பு ஒன்று. பட்டம் பெற்றபின் சேரும் மூன்றாண்டுப் படிப்பு மற்றொன்று. ஐந்தாண்டுப் படிப்பின் தொடக்கத்தில் ஆங்கிலம், அரசியல் அறிவியல் போன்ற கலைப் பாடங்கள் மிகுதி. மூன்றாண்டுப் படிப்பினரோ முதலாண்டிலேயே ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம், அரசியலமைப்புச் சட்டம் முதலியவற்றை நேரே சந்திக்கின்றனர். இரண்டிலும் பருவத் தேர்வு முறையே நடைபெறுகிறது. அதாவது ஆண்டுக்கு இருமுறை தேர்வு. “ஆண்டிறுதியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருப்பவனுக்கு இங்கே ஆண்டிறுதியே கிடையாது. சேர்ந்த நான்கைந்து மாதங்களில் முதல் தேர்வு வாயிலில் வந்து நிற்கும்.

மதிப்பெண்கள் இரு கூறாக வருகின்றன. ஒன்று அகமதிப்பீடு, மற்றொன்று பல்கலைக்கழகத் தேர்வு. நூற்றுக்கு 30 அகமதிப்பீட்டுக்கும் 70 எழுத்துத் தேர்வுக்கும் என்னும் பகுப்பு இன்று பல இடங்களில் உள்ளது. அகமதிப்பீடு என்பது வகுப்புத் தேர்வு, கட்டுரை, கருத்தரங்கப் பேச்சு ஆகியவற்றுக்கு ஆசிரியர் வழங்குவது. முப்பதுதானே என்று இகழ வேண்டாம். எழுத்துத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குத் தவித்து நிற்பவனைக் கரைசேர்ப்பது இந்த முப்பதே. கட்டுரையை உரிய நாளில் கொடுங்கள். கொடுத்ததற்குப் படி ஒன்றை உங்களிடம் வைத்திருங்கள். மதிப்பெண் பட்டியல் ஒட்டப்படும்போது சென்று பாருங்கள். ஐயம் இருந்தால் பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுவது நம் பிள்ளைகளுக்குத் தலைமுறையாகத் திணிக்கப்பட்ட பழக்கம். அதைக் கல்லூரி வாயிலுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள்.

வருகைப் பதிவும் தேர்வோடு சேர்ந்ததே. இந்திய வழக்கறிஞர் மன்றம் 2008ஆம் ஆண்டில் வகுத்த சட்டக் கல்வி விதிகள் ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகையைக் கோருகின்றன. வீட்டுக் கடனுக்காக வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். பெற்றோர்களே! பிள்ளையின் ஒருநாள் கூலி பெரிதா, ஓர் ஆண்டு பெரிதா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணியும் கூலியே முந்துமானால் சங்கத்திடம் வாருங்கள். அதற்காகத்தான் சங்கம்.

இனி எழுத்துத் தேர்வைப் பார்ப்போம். மூன்று மணி நேரம். பதிவெண் மட்டும் தாங்கிய விடைத்தாள். அந்தப் பதிவெண்ணையும் மறைத்து, வேறோர் எண் இட்டுத் திருத்துவோருக்கு அனுப்புவதே பல்கலைக்கழகங்களின் பொதுவான முறை. தோழர்களே, இதன் பொருளை நன்கு உணருங்கள். தேநீர்க் கடையில் உன் ஊர் எது என்று கேட்பார்கள். வாடகை வீட்டுக்குச் சென்றால் உன் தெரு எது என்று கேட்பார்கள். விடைத்தாளைத் திருத்துகிறவருக்கோ உன் பெயரும் தெரியாது, உன் தெருவும் தெரியாது. உன் எழுத்து ஒன்றே அவர்முன் நிற்கிறது. எனவே அத்தாளில் உன்னை அடையாளம் காட்டும் எதையும் எழுதாதே. பழக்கத்தினால் சிலர் மேலே பிள்ளையார் சுழி போடுகிறார்கள். சிலர் சிலுவை வரைகிறார்கள். சிலர் “ஏழை மாணவன், கருணை காட்டுக” என்று எழுதுகிறார்கள். இவை தேர்வு விதிக்கு மாறானவை. தாளே செல்லாமற் போகவும் கூடும். கருணை கேட்கும் இடமன்று அது.

வினாக்கள் பெரும்பாலும் நான்கு வகை: நெடுவினா, குறுவினா, சிறுகுறிப்பு, சிக்கல் வினா. மேல்நிலைத் தேர்வில் பாடநூலில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்தது. அந்தப் பழக்கம் இங்கே முதல் மூன்று வகைக்கு ஓரளவு உதவும். நான்காம் வகைக்கு உதவாது.

முதலில் சிறுகுறிப்பைப் பாருங்கள். “அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு” என்று ஒரு வினா வருகிறது. நம் பிள்ளை மகிழ்ச்சியடைகிறான். தீண்டாமையைப் பற்றி நமக்குத் தெரியாததா? தேநீர்க் கடையையும் கிணற்றடியையும் பற்றி இரண்டு பக்கம் உணர்ச்சி பொங்க எழுதுகிறான். மதிப்பெண் வருவதில்லை. ஏன்? தேர்வாளர் தேடுவது நான்கு செய்திகளை. ஒன்று, அவ்வுறுப்பு தீண்டாமையை ஒழித்து, எவ்வடிவிலும் அதைக் கடைப்பிடிப்பதைத் தடை செய்கிறது. இரண்டு, அதைச் செயற்படுத்த 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. மூன்று, இவ்வுரிமையை அரசுக்கு எதிராக மட்டுமன்றித் தனிமனிதருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம். நான்கு, தீர்ப்பு ஒன்று: ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்ததைப் பற்றிய கர்நாடக அரசு எதிர் அப்பா பாலு இங்களே வழக்கு, 1993ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் உள்ளது. இந்நான்கையும் பத்து வரியில் எழுதியவன் வென்றான். பட்டறிவு நம்மிடம் இருக்கிறது. பிறரிடம் இல்லாத செல்வம் அது. ஆனால் பட்டறிவு மட்டும் விடையாகாது. அதற்குச் சட்டத்தின் வடிவம் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்திலும் அப்படித்தான். கண்ணீரை எவரும் பதிவு செய்வதில்லை. மனுவைத்தான் பதிவு செய்கிறார்கள்.

அடுத்து, பலரும் அஞ்சும் சிக்கல் வினா. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பாம்பனைச் சேர்ந்த 17 வயது இளைஞன் ஒருவன் நாட்டுப்படகுக்கு இயந்திரம் வாங்குவதற்காக வணிகர் ஒருவரிடம் 40,000 ரூபாய் கடன் வாங்கிப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறான். பணத்தைத் திருப்பித் தரவில்லை. வணிகர் வழக்குத் தொடர்கிறார். வெல்வாரா? 

“பையன் ஏழை, வணிகர் பணக்காரர், ஆகவே தரவேண்டியதில்லை” என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. “வாங்கிய கடனைக் கொடுப்பதே அறம்” என்று எழுதினாலும் இல்லை. விடை ஐந்து படிகளில் ஏற வேண்டும். முதற்படி, நிகழ்ச்சியின் சுருக்கம். மூன்று வரி போதும். இரண்டாம் படி, எழுவினா: வயது நிரம்பாதவர் செய்த உடன்படிக்கை சட்டப்படி செல்லுமா? மூன்றாம் படி, சட்டம்: 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்வோர் அதற்குத் தகுதியுடையவராக இருக்க வேண்டும் என்கிறது, 11ஆம் பிரிவு, வயது நிரம்பியவரே தகுதியுடையவர் என்கிறது, அவ்வயது 18 என்பது 1875ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றோடு 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த மொகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கு. வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று நிலைநாட்டிய வழக்கு அது. நான்காம் படி, பொருத்திப் பார்த்தல்: இந்த இளைஞனுக்கு வயது 17; ஆகவே இவன் எழுதிய பத்திரத்தைக் கொண்டு இவனைக் கட்டுப்படுத்த இயலாது. ஐந்தாம் படி, முடிவு: வணிகரின் வழக்கு நிற்காது.

இவ்வளவும் எழுதியவன் தேர்ச்சி பெறுவான். இன்னும் ஒரு படி மேலே செல்பவன் 68ஆம் பிரிவையும் தொடுவான். வயது நிரம்பாதவருக்கு அவர் வாழ்க்கை நிலைக்கேற்ற இன்றியமையாப் பொருள்களை வழங்கியவர், அவருடைய சொத்திலிருந்து ஈடு பெறலாம் என்பது அப்பிரிவு. படகு இயந்திரம் இந்த இளைஞனுக்கு இன்றியமையாப் பொருள்தானா என்று இருபக்கமும் ஆராய்ந்து, அப்படியே கொண்டாலும் சொத்தின்மீதுதான் உரிமை, ஆளின்மீது அன்று என்று எழுதினால், தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்வார். முடிவு இப்படியா அப்படியா என்பதைவிட, முடிவுக்கு எவ்வழியே வந்தாய் என்பதற்கே அங்கு மதிப்பெண். பாதியில் நின்ற விடைக்கும் ஏறிய படிகளுக்கு மதிப்பெண் உண்டு. ஆதலால் எந்தச் சிக்கல் வினாவையும் வெறுமையாக விடாதீர்கள்.

நேரப் பங்கீடும் ஒரு கலை. 180 நிமிடத்தில் 70 மதிப்பெண்ணுக்கு எழுதுவதானால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம். 12 மதிப்பெண் வினாவுக்கு அரை மணி. 4 மதிப்பெண் குறிப்புக்குப் பத்து நிமிடம். நன்கு தெரிந்த நெடுவினாவுக்கு ஒரு மணி நேரத்தைக் கொட்டிவிட்டு, கடைசி இரண்டு வினாக்களைத் தொடாமலே மணியடிக்கக் கேட்டு எழுந்து வருவது நம் பிள்ளைகள் பலர் தோற்கும் இடம். அறிந்ததை எழுதித் தோற்பது எவ்வளவு கொடுமை! பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை முன்னே வைத்து, வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பழகுவதே இதற்கு மருந்து. வீட்டில் இடமில்லையென்றால் சங்கக் கட்டடம் இருக்கிறது.

நூல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மூத்தவர் படித்த நூலை இளையவருக்குக் கொடுப்பது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் குற்றவியல் பாடத்தில் அது இன்று இடறிவிடும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் நீங்கி, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற்கும் சாட்சியச் சட்டத்திற்கும் அன்றே புதியவை வந்தன. கொலைக்குத் தண்டனை கூறும் பிரிவு 302 என்று ஊரே அறியும். இன்று அது 103. ஏமாற்றுக்கு 420 என்பது பேச்சு வழக்கிலேயே கலந்த எண். இன்று அது 318. அண்ணனுடைய குறிப்பேட்டை அப்படியே மனப்பாடம் செய்தவன் எண்களிலே தவறுவான். கருத்துகள் பெரும்பாலும் மாறவில்லை. பழைய தீர்ப்புகளும் பயன்படுகின்றன. ஆயினும் பிரிவு எண்ணுக்கு உரைநூலை நம்பாமல், விளக்கம் ஏதுமின்றிச் சட்டத்தை மட்டும் அச்சிட்ட மூலநூலை, மாணவர்கள் ‘பேர் ஆக்ட்’ என்கிறார்களே அதை, நாள்தோறும் புரட்டுங்கள். விலை குறைந்த நூலும் அதுவே. மதிப்பெண் மிகுதியாகத் தரும் நூலும் அதுவே.

எம்மொழியில் எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். ஆங்கிலமல்லாத மொழியில் பாடம் நடத்தவும் தேர்வு எழுதவும் வழக்கறிஞர் மன்ற விதிகள் இடம் தருகின்றன. தமிழ்நாட்டில் தமிழில் விடையெழுதுவோரும் உண்டு. தெளிவாகச் சிந்திக்கும் மொழியில் எழுதுவதில் இழிவு ஏதுமில்லை. எம்மொழி என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மாறாதீர்கள். ‘மறுபயன்’ என்று எழுதுகிறவன் ‘கன்சிடரேஷன்’ என்னும் சொல்லையும் உடன் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் இன்றும் ஆங்கிலமே வழங்குகிறது. தமிழில் தேறுங்கள்; ஆங்கிலத்தை நாளுக்குப் பத்துச் சொல்லாகச் சேருங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு தாளில் தவறினால்? மண்ணில் விழுந்தவன் மணலைத் தட்டிக்கொண்டு எழுவதுபோல் எழுந்து அடுத்த பருவத்தில் எழுதுங்கள். அண்ணல் அம்பேத்கர் லண்டனில் அளித்த ஆய்வேட்டைத் திருத்தி எழுதித் தருமாறு தேர்வாளர்கள் கூறினார்கள். அவர் ஒதுங்கவில்லை, திருத்தி எழுதி அளித்தார், 1923ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அவருக்கு நேராத இழுக்கு நமக்கும் நேராது.

மதிப்பெண்ணில் ஐயம் தோன்றினாலும் வழி உண்டு. மறுமதிப்பீடு என்பது பல்கலைக்கழக விதி இடம் தந்தால் மட்டுமே கிடைக்கும். 1984இல் மகாராஷ்டிரக் கல்வி வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாறே கூறியது. ஆகவே முடிவு வந்தவுடன் கடைசி நாளையும் கட்டணத்தையும் அறிந்துகொள்ளுங்கள். ஆனால் திருத்தப்பட்ட தன் விடைத்தாளைத் தானே பார்க்கும் உரிமை ஒவ்வொரு தேர்வருக்கும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதை உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உறுதி செய்தது. விடைத்தாளைப் பல்கலைக்கழகம் பாதுகாத்து வைத்திருக்கும் காலம்வரைதான் அவ்வுரிமை பயன்படும், தாமதிக்கலாகாது. சட்ட மாணவன் ஒருவன் எழுதும் முதல் சட்ட மனு தன் விடைத்தாளுக்கானதாக இருந்தால், அதைவிடச் சிறந்த பயிற்சி வேறென்ன? எங்கே தவறினோம் என்று கண்ணால் கண்டவன் இரண்டாம் முறை அங்கே தவறமாட்டான்.

இளைஞர்களே! இந்தத் தேர்வை நமக்கு முன்னும் நம்மவர் எழுதியிருக்கிறார்கள். ராவ் பகதூர் ந. சிவராஜ் சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராக அமர்ந்தவர். 1945இல் சென்னை மாநகரின் மேயரானவர். நீதியரசர் வரதராஜன் 1973இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்து அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் நீதிபதி அவர். அவர்கள் எழுதிய காலத்தில் இத்தனை கல்லூரிகள் இல்லை. சொல்லிக்கொடுக்கச் சங்கமும் இல்லை.

நமக்குச் சங்கம் இருக்கிறது. அதன் முன்னே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, சட்ட மூலநூல்களின் புதிய பதிப்புகளும் பழைய வினாத்தாள்களும் கொண்ட ஒரு அலமாரி. இரண்டாவது, ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் ஒரு மாதம் முன்னதாக, கடிகாரம் வைத்து எழுதும் மாதிரித் தேர்வு. திருத்துவதற்கு நம் மூத்த வழக்கறிஞர்கள் வர வேண்டும். மூன்றாவது, தேர்வு முடிவு வந்த வாரத்தில் தவறிய பிள்ளையின் வீட்டுக்குச் சங்கத்தவர் ஒருவர் நடந்து செல்வது. நூலைவிட, பணத்தைவிட, அந்த நடையே பல பிள்ளைகளைக் காப்பாற்றும். 

படிப்பை முடிப்போருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சட்டம் விதித்த தொகைக்கு மேல் வாங்கலாகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அத்தொகை 125 ரூபாய். கறுப்பு அங்கி அணியும் வாயிலில் பணம் இனித் தடையாக நிற்க வேண்டியதில்லை. இடையில் இருப்பவை பருவத் தேர்வுகளே.

இத்தீவில் நிலப் பத்திரம் படிக்கத் தெரியாமல் நிலம் இழந்தவர்கள் உண்டு. புகார் எழுதத் தெரியாமல் நீதி இழந்தவர்கள் உண்டு. அவர்களுடைய வழக்குகள் இன்னும் முடியவில்லை. முதலாண்டுத் தேர்வு அறையில் நம் பிள்ளை எழுதும் ஒவ்வொரு விடையும், நாளை அவர்களுக்காக எழுதப்போகும் மனுவுக்குப் பயிற்சி. அதை எண்ணி எழுதுங்கள். நேரத்தைப் பங்கிட்டு எழுதுங்கள். ஐந்து படியும் ஏறி எழுதுங்கள்.